புறக்கோட்டையில் வாங்கிய 99 பெயர் ஃப்ரேமும் அதன் 68ஆவது கட்டமும்

மூன்று நட்சத்திரம். திருத்துவதற்கு முன்னால் கேட்டிருந்தால் ஒன்றரை என்று சொல்லியிருப்பேன். அந்தக் கதையைத்தான் எழுத வந்தேன், கொஞ்சம் நீளும்.

பொருள் இதுதான்: சுவரில் மாட்டும் அஸ்மாஉல் ஹுஸ்னா ஃப்ரேம், அதாவது அல்லாஹ்வின் 99 அழகிய பெயர்கள் எழுதியது, 2 அடி அகலம், 3 அடி உயரம், கறுப்புப் பலகையில் தங்க நிற எழுத்து, குறுக்கே 9 கட்டம், கீழே 11 வரிசை, ஆக 99. ஒவ்வொரு கட்டத்திலும் அரபியில் பெயர், அதற்குக் கீழே தமிழ் எழுத்தில் உச்சரிப்பு, அதற்கும் கீழே பொடி எழுத்தில் தமிழ்ப் பொருள். அந்தப் பொடி எழுத்துக்காகத்தான் வாங்கினேன். நான் வளர்ந்த வீட்டு ஹோலிலும் ஒன்று தொங்கியது, ஹஜ்ஜுக்குப் போய் வந்த சொந்தக்காரர் கொண்டு வந்து தந்த கறுப்பு வெல்வெட் துணி, ஓரத்தில் தங்கக் குஞ்சம், முழுக்க அரபி. ஓதப்பள்ளிக்குப் போன பிள்ளைகள் என்பதால் எழுத்துக்கூட்டி வாசிப்போம், 99ஐயும் ராகத்தோடு ஒப்புவிக்கவும் தெரியும், ஆனால் அர்ரஷீத் என்றால் என்ன, அல்முக்ஸித் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் பக்கத்தில் இருக்கிறவரின் முகத்தைப் பார்ப்போம். என் பிள்ளைகளாவது பொருள் தெரிந்து சொல்லட்டும் என்று ஒரு ஆசை.

தெஹிவளையில் தேடினேன், வெள்ளவத்தையில் தேடினேன், கிடைத்ததெல்லாம் ஆங்கிலத்தோடு, இல்லாவிட்டால் வெறும் அரபி. கடைசியில் கொழும்பில் எல்லாவற்றுக்கும் போகிற இடத்துக்கே போனேன், புறக்கோட்டைக்கு. இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கிற ஜாமிஉல் அல்ஃபார் பள்ளியை யாருக்கும் வழி சொல்லித் தெரிய வேண்டியதில்லை, 1908இல் கட்டத் தொடங்கி 1909இல் முடித்த பள்ளி, இப்போது தொழ வருகிற ஆட்களுக்கு நடுவே படமெடுக்க வருகிற வெள்ளைக்காரர்களும் நிற்பார்கள். அங்கிருந்து கொஞ்சம் நடந்து, நாட்டாமிகள் மூட்டையோடு வரும்போது சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டிய ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிறது கடை. பாங்கு சொல்லும் மணிக்கூடு, தொப்பி, அத்தர், முசல்லா, தஸ்பீஹ், குர்ஆன் வைக்கும் பலகை எல்லாம் ஒரு சின்ன அறைக்குள். பெயர் சொல்ல மாட்டேன். குறை சொல்லப் போகிறேன், அதோடு அந்த மனிசர் பிறகு என்னிடம் நல்ல மாதிரி நடந்துகொண்டார், இதே ஃபைலை வைத்து அடித்து விற்கிற கடைகள் இன்னும் எத்தனையோ இருக்கும்.

விலை 9,500 ரூபா என்றார், 8,750க்கு எடுத்தேன். 100ஆம் நம்பர் பஸ்ஸில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறினால் யாருடைய கண்ணிலாவது குத்தும் என்பதால் த்ரீவீலுக்கு வேறு கொடுத்தேன், அதையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் சாமான் தரத்தைச் சொல்லிவிடுகிறேன், அது சின்ன விஷயம். பலகை எம்.டி.எஃப், மட்டமில்லை. எழுத்து வெட்டியது துப்புரவு. பின்னால் கொளுவி இரண்டுதான் இருக்கிறது, இந்தப் பாரத்துக்கு மூன்று வேண்டும். ஆணியும் ரோல் பிளக்கும் தரமாட்டார்கள், நீங்களே வாங்க வேண்டும். பசைதான் வீக். எங்கள் வீடு கடற்கரை ரயில் பாதைக்குக் கிட்ட, உப்புக் காற்றும் உண்டு, ரயில் போகும்போது கண்ணாடி அலுமாரி சத்தம் போடும், இரண்டாவது மாதம் ஒருநாள் கூட்டும்போது தரையில் கடுகளவு தங்கப் பொட்டு ஒன்று கிடந்தது. ஷோலில் இருந்து விழுந்த ஜிகினா என்று நினைத்துக் குப்பையோடு தள்ளப் பார்த்தேன். பிறகு ஏதோ மனதில் பட்டு, மகனைக் கதிரையில் ஏற்றி ஒவ்வொரு கட்டமாகப் பார்க்கச் சொன்னேன். 11ஆவது, அல்காலிக், படைப்பவன். அரபி ‘கா’ எழுத்தின் மேலே இருந்த புள்ளி இல்லை. அந்தப் புள்ளி போனால் அது வேறு எழுத்து, வேறு சொல், என்ன சொல் என்று இங்கே எழுத எனக்குத் துணிவில்லை, அரபி தெரிந்தவர்களுக்கு விளங்கும். அஸ்தஃபிருல்லாஹ் சொல்லிக்கொண்டு சுப்பர் குளூ வாங்கி ஒட்டினேன். மற்ற எந்த அலங்காரப் பொருளிலும் ஒரு பொட்டு கழன்றால் பேசாமல் விடலாம், இதில் விட முடியாது, செய்கிறவர்கள் அதை யோசித்துப் பசை போட வேண்டும்.

இப்போது உண்மையான பிரச்சினை.

மகன் தமிழ் மீடியம், தரம் 3. வாசிக்கப் பழகிய வெறி இன்னும் அடங்காத வயது, பஸ் போர்ட், மருந்துப் போத்தல், பாண் சுற்றி வந்த பேப்பர், எது கிடைத்தாலும் சத்தமாக வாசிப்பான். ஃப்ரேமின் மேல் வரிசைகள் அவனுக்கு எட்டாது, கீழ் வரிசைகள்தான் கண்ணுக்கு நேரே. ஒரு பின்னேரம் நான் குசினியில் நிற்கும்போது ஹோலில் இருந்து கேட்டான்: “உம்மா, அல்லாஹ் தேவையில்லாத ஆளா?”

கையில் இருந்த அகப்பையோடு ஓடி வந்தேன். யார் உனக்கு அப்படிச் சொன்னது, வகுப்பில் யாராவது சொன்னார்களா என்று கேட்டால், பிள்ளை சுவரைக் காட்டுகிறான். எட்டாவது வரிசை, சரியாக நடுக் கட்டம், 68. அஸ்ஸமத். அதற்குக் கீழே தமிழில்: ‘தேவையற்றவன்’.

நான் அதை எத்தனை தரம் பார்த்திருப்பேன். எனக்கு அது உறுத்தவே இல்லை, ஏனென்றால் பொருள் எனக்கு முன்கூட்டியே தெரியும், அல்லாஹ்வுக்கு யாருடைய தேவையும் இல்லை, அவ்வளவுதான் என்று கண் தாண்டிப் போய்விடும். ஆனால் பிள்ளைக்குத் தமிழ்தான் தெரியும், முன்கூட்டித் தெரிந்த விளக்கம் கிடையாது. அவன் வாழ்க்கையில் ‘தேவையற்ற’ என்ற சொல்லை எங்கே கேட்டிருப்பான்? தேவையற்ற பேச்சு, தேவையற்ற செலவு, தேவையற்ற சாமானையெல்லாம் மேல் தட்டில் கொண்டுபோய்ப் போடு. அவன் வாசித்தது சரி. எழுதியதுதான் பிழை.

வீட்டில் உள்ள தமிழ் தர்ஜுமாவை, அதாவது குர்ஆன் மொழிபெயர்ப்பை எடுத்து, இந்தப் பெயர் வருகிற இக்லாஸ் சூராவை (அத்தியாயத்தை) பார்த்தேன். அங்கேயும் ‘தேவையற்றவன்’ என்றுதான் இருக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் ‘எவரிடத்தும்’ என்று ஒரு சொல் இருக்கிறது. எவரிடத்தும் தேவையற்றவன். வாசிக்கும்போது நாங்கள் தாண்டிப் போகிற அந்த அடைப்புக்குறிதான் முழு வேலையையும் செய்துகொண்டிருக்கிறது. ஃப்ரேம் அடித்தவர் கட்டத்துக்குள் இடம் போதவில்லை என்று அதை வெட்டிவிட்டார். வேறு சில மொழிபெயர்ப்புகளில் ‘தேவைகளற்றவன்’ என்று இருக்கும், ஒரு ‘கள்’தான் வித்தியாசம், ஆனால் அந்தக் ‘கள்’ வந்தவுடனே தேவைகள் அவனுடையவை என்று ஆகிறது, அவை அவனுக்கு இல்லை என்று நேராக விளங்குகிறது. ‘தேவையற்றவன்’ என்றால் மற்றவர்களுக்கு அவன் தேவையில்லை என்றும் படும். தமிழில் எங்கள் வாயில் முதலில் வருவது இரண்டாவது பொருள்தான்.

சரி, இதோடு விட்டிருக்கலாம். ஆனால் மகனுக்குப் பதில் சொல்ல வேண்டுமே. “இல்லை மகன், அவனுக்கு ஒருத்தரும் தேவையில்லை” என்றேன். அதற்கு அவன், “அப்ப எங்களையும் தேவையில்லையா?” என்றான். கேட்டுவிட்டுப் பிள்ளை விளையாடப் போய்விட்டது, நான்தான் அடுப்பில் கறி அடிப்பிடிக்கும் வரைக்கும் அங்கேயே நின்றேன்.

மத்ரசா ஹஸ்ரத்துக்கு, அதாவது மார்க்க ஆசிரியருக்கு, வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினேன். இஷாவுக்குப் பிறகு பதில் வந்தது, ஏழு நிமிடக் குரல், பின்னால் அவர் வீட்டு மின்விசிறிச் சத்தத்தோடு. மூன்று தரம் கேட்டேன். அவர் சொன்னதையும் பிறகு நானாகத் தேடி வாசித்ததையும் சேர்த்து எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன்.

இந்தப் பெயர் குர்ஆன் முழுக்கத் தேடினாலும் ஒரேயொரு இடத்தில்தான் வருகிறது, 112ஆவது சூராவான அந்த இக்லாஸின் இரண்டாவது வசனம், அல்லாஹுஸ் ஸமத். நாலே வசனம் உள்ள சூரா. அது குர்ஆனின் மூன்றில் ஒரு பங்குக்குச் சமம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாகப் புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. பிள்ளைக்கு வாய் திறந்தவுடனே சொல்லிக் கொடுக்கிற சூரா, தொழுகையில் அவசரமென்றால் எல்லோரும் ஓதுகிற சூரா, ஒரு நாளைக்கு எத்தனை தரம் ‘ஸமத்’ என்று சொல்கிறோம் என்று கணக்கே இல்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று நாற்பது வயதில் ஒரு ஃப்ரேமின் அச்சுப் பிழையால்தான் எனக்குக் கேட்கத் தோன்றியிருக்கிறது.

அரபியில் ‘ஸமத’ என்றால் ஒன்றை நோக்கி நேராகப் போவது, நாடிப் போவது. அந்தக் காலத்து அரபிகள் தங்கள் தலைவனை ‘ஸமத்’ என்பார்கள், யாரை என்றால், ஊரில் ஒரு கஷ்டம் என்றால் எல்லோரும் எவனிடம் போவார்களோ, அவனைத் தாண்டி மேலே போவதற்கு வேறு ஆள் இல்லையோ, அவனை. இறந்துபோன ஒரு தலைவருக்காகப் பாடிய பழைய இரங்கல் பாட்டு ஒன்றில் ‘அஸ்ஸெய்யிதுஸ் ஸமத்’ என்றே வருகிறது, குர்ஆனுக்கு விளக்கம் எழுதிய தஃப்ஸீர்காரர்கள் இந்தச் சொல்லை விளக்க அதைத்தான் காட்டுவார்கள். அதனால்தான் முதல் வசனத்தில் ‘அஹத்’ (ஒருவன்) என்று, குறிப்பாக ஒன்றைச் சுட்டுகிற ‘அல்’ இல்லாமல் வருகிற இடத்தில், இரண்டாவதில் ‘அஸ்ஸமத்’ என்று ‘அல்’ சேர்ந்து வருகிறது என்று ஒரு விளக்கம் உண்டு. அஹத் என்று வேறு யாரையும் அவர்கள் சொன்னதில்லை, ஸமத் என்று மனிதர்களைச் சொல்லியிருக்கிறார்கள், நீங்கள் அப்படிக் கூப்பிடுகிற ஆட்களெல்லாம் இருக்கட்டும், உண்மையான ஸமத் இவன்தான் என்று சுட்டிக் காட்டுகிற ‘அல்’.

இரண்டாவது பொருள் எனக்குப் புதிது. ஸமத் என்றால் உள்ளே கோறை இல்லாதது. முழுக்கத் திண்மையான கல் மாதிரி, தட்டினால் உள்ளே வெற்றுச் சத்தம் கேட்காத மாதிரி. முஜாஹித், ஹஸன் பஸரி, ஸஈத் இப்னு ஜுபைர் போன்ற ஆரம்பகால ஆட்கள் இப்படிச் சொல்லியிருப்பதாகத் தபரியின் தஃப்ஸீரில் வருகிறது. அல்லாஹ்வைக் கல்லோடு ஒப்பிடுகிற பேச்சில்லை இது, அவனைப் போல எதுவும் இல்லை என்பது வேறு இடத்தில் தெளிவாகவே இருக்கிறது. சொல்ல வருவது என்னவென்றால், வயிறு உள்ளவனுக்குத்தான் பசி, உள்ளே வெற்றிடம் உள்ளவனுக்குத்தான் வெளியே இருந்து ஏதாவது போக வேண்டும். உண்ணாதவன், பருகாதவன் என்று ஷஅபி சொன்னதும் இதே வழியில்தான். மாயிதா சூரா 75ஆவது வசனத்தில் ஈஸா நபியையும் (இயேசு) அவரது தாயாரையும் பற்றி, அவர்கள் இருவரும் உணவு உண்டார்கள் என்று ஒரு சின்ன வாக்கியம் வருமே, அது ஏன் அங்கே வருகிறது என்று எனக்கு எப்போதும் ஒரு கேள்வி. சாப்பிடுகிறவன் ஸமதாக இருக்க முடியாது, அவ்வளவுதான் வாதம்.

நோன்பு காலத்தில் அஸர் தொழுதுவிட்டுக் கஞ்சிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டு நிற்கிற எந்தப் பெண்ணுக்கும் இந்தக் ‘கோறை’ விளக்கத்தை இரண்டாம் தரம் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சொன்னதாக வருவது: தலைமையில் முழுமையடைந்த தலைவன், அறிவில் முழுமையடைந்த அறிவாளன், பொறுமையில் முழுமையடைந்த பொறுமையாளன் என்று ஒவ்வொன்றாகப் போகும். இதைத் தமிழில் ஒற்றைச் சொல்லில் போடச் சொன்னால் யாராலும் முடியாது.

இந்த மூன்றையும் கேட்ட பிறகுதான் ஃப்ரேமில் என்ன குறை என்று எனக்குச் சரியாகப் பிடிபட்டது. ‘தேவையற்றவன்’ என்பதில் உள்ள இரட்டைப் பொருள் மட்டும் பிரச்சினையில்லை. அதைச் சரியாக ‘தேவைகளற்றவன்’ என்று போட்டாலும் பாதிப் பெயர்தான் வருகிறது. அவனுக்கு யாரும் வேண்டியதில்லை என்பது ஒரு பாதி. எல்லோரும் அவனிடம்தான் போகிறார்கள் என்பது மற்றப் பாதி. முதல் பாதியை மட்டும் பிள்ளையிடம் சொன்னால் அது கேட்ட கேள்விதான் வரும், அப்ப எங்களையும் தேவையில்லையா.

யாருடைய தேவையும் இல்லாத ஆட்களைக் கொழும்பில் நாங்கள் பார்த்திருக்கிறோமே. கொழும்பு 7இல் மதில் உயரமாக இருக்கும், கேட்டில் கமரா இருக்கும், அவர்களுக்கு எங்களிடம் ஒன்றும் தேவையில்லை, அதனாலேயே நாங்கள் அந்தக் கேட்டைத் தட்ட முடியாது. எல்லோரும் தேடிப் போகிற ஆட்களையும் பார்த்திருக்கிறோம். 2022இல் காஸ் இல்லாத நாட்களில் எங்கள் மாடிவீட்டில் கீழ்த் தட்டில் இருந்த ஒரு சாச்சாவிடம் மட்டும் மேலதிகமாக இரண்டு சிலிண்டர் இருந்தது. சாதி சமயம் பார்க்காமல் எல்லா வீட்டுச் சட்டியும் அங்கேதான் போனது, பிள்ளைக்குப் பால் காய்ச்ச, கிழவிக்குக் கஞ்சி வைக்க, அந்த மனிசர் ஒருத்தரையும் இல்லையென்று அனுப்பவில்லை, பழைய அரபிக் கணக்கில் பார்த்தால் அந்த மாடிவீட்டுக்கு அவர்தான் ஸமத். மூன்றாவது வாரம் அவருடைய சிலிண்டரும் முடிந்தது, அவரும் அதைச் சங்கிலியால் கட்டி இழுத்துக்கொண்டுபோய் எங்களோடு வரிசையில் நின்றார். தேடிப் போகிறவனுக்கும் தேவை, தேடிப் போகப்படுகிறவனுக்கும் தேவை. இந்த இரண்டும் மனிதரில் சேர்ந்து வராது, தேவையே இல்லாதவனிடம் எல்லோரும் போகலாம் என்பது இந்த ஒரு பெயரில்தான் சேர்ந்து நிற்கிறது. என்னைக் கேட்டால், அது இல்லாமல் இந்தப் பெயரை மொழிபெயர்க்கவே கூடாது.

எங்கள் உம்மும்மாவுக்கு அரபியில் பொருள் ஒன்றும் தெரியாது, அரபுத்தமிழில், அதாவது அரபி எழுத்தில் தமிழாக எழுதிய பழைய கிதாபுகளை மட்டும் வாசிப்பார். ஆனால் தொழுத பாயில் இருந்து கையேந்தினால் கடைசியில் எப்போதும் வருவது, “யா அல்லாஹ், எங்கள் நாட்டதேட்டங்களை நிறைவேற்றித் தருவாயாக.” நாட்டமும் தேட்டமும். ஃப்ரேமில் 8,750 ரூபாவுக்குக் கிடைக்காத பாதி அதற்குள் இருந்திருக்கிறது. எங்கள் பேச்சில் ‘நாடுவது’ என்றால் பெரும்பாலும் அல்லாஹ் நாடுவது, அவன் நாடினால் நடக்கும் என்போம், இன்ஷா அல்லாஹ்வைத் தமிழில் சொல்வதே அப்படித்தான். அதே சொல்லால் நாங்கள் அவனை நாடிப் போவதையும் சொல்கிறோம். தமிழில் இவ்வளவு பொருத்தமான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு ‘தேவையற்றவன்’ என்று அடித்திருக்கிறார்களே என்று எரிச்சல்தான் வந்தது.

அடுத்த சனிக்கிழமை ஃப்ரேமைக் கழற்றி, பெட்ஷீட்டில் சுற்றி, திரும்பவும் த்ரீவீல்.

கடைக்காரர் என்னைத் “தாத்தா” என்றார், நான் அவரை “நாநா” என்றேன், இரண்டு பேரும் மாறி மாறி மற்றவரை மூத்தவராக்கிக்கொண்டோம். (இந்தியாவில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு: இங்கே எங்கள் ஆட்களிடம் தாத்தா என்றால் அக்கா, நாநா என்றால் அண்ணன். சிரிக்க வேண்டாம்.) விஷயத்தைச் சொன்னேன். முதலில் அவருக்குப் பிடிக்கவில்லை. “இது எத்தனையோ வருஷமாக விற்கிற டிசைன் தாத்தா, இதுவரைக்கும் ஒருத்தரும் ஒன்றும் சொன்னதில்லை, குர்ஆன் தர்ஜுமாவிலேயே அப்படித்தான் இருக்கு” என்றார். அடைப்புக்குறி கதையைச் சொன்னேன், விளங்கின மாதிரித் தெரியவில்லை. பிறகு, “நாநா, உங்கள் கடைக்கு வெளியே ஒரு போர்ட் போட்டு, அதில் உங்கள் பேரை எழுதி, பக்கத்தில் ‘தேவையற்றவர்’ என்று எழுதினால் எப்படி?” என்று கேட்டேன். மனிசர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு எழும்பிப் போய், சுவரோடு சாய்த்து வைத்திருந்த ஃப்ரேம்களில் ஒன்றை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தக் கட்டத்தைப் புதிதாக வாசிக்கிற மாதிரி வாசித்தார். “அஸ்தஃபிருல்லாஹ்” என்றார். அதற்கு மேல் வாக்குவாதமே இல்லை, எனக்குப் பிளேன்டீ வந்தது.

மாற்று ஃப்ரேம் கிடையாது, எல்லாம் ஒரே அச்சு. அந்தக் கட்டத்துக்கு மட்டும் ஸ்டிக்கர் வெட்டி மேலே ஒட்டித் தருகிறேன் என்றார். என்ன எழுதுவது? கட்டம் இரண்டரை அங்குல அகலம்தான், தமிழோ நீளம். ‘தேவைகளை நிறைவேற்றுபவன்’ என்று போடலாமே என்று அவர் சொன்னார், அது கேட்க நன்றாக இருந்தாலும் இப்போது மற்றப் பாதி போய்விடுகிறது. ‘எல்லோராலும் நாடப்படுபவன்’ என்றேன் நான், கம்ப்யூட்டரில் இருந்த பையன் அடித்துப் பார்த்துவிட்டு எழுத்து எறும்பு அளவில் வரும் என்றான். சாமான் வாங்க வந்த ஒரு வயசாளி, கேட்காமலே வந்து சேர்ந்து, “ஸமதுன்னு சும்மா அப்படியே விடுங்களேன், தமிழ் எதுக்கு” என்றார். உண்மையில் அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் தமிழ் எழுத்தில் ‘ஸமத்’ என்று எழுதுவதே அரைகுறைதான், அரபியில் இது ஸாத், தொண்டையை நிறைத்துச் சொல்கிற கனமான எழுத்து, எங்களுக்கு ஸீனுக்கும் ஸாதுக்கும் ஒரே ‘ஸ’தான், ஸீனால் சொன்னால் வேர்ச் சொல்லே மாறிப்போகும். இதை அவருக்குச் சொல்லவில்லை, வெயில் நேரம்.

கடைசியில் இரண்டு வரியாகப் போட்டோம்:

தேவைகளற்றவன்
எல்லோரும் நாடிச் செல்பவன்

கோறை இல்லாதவன் என்பதற்கு இடமில்லை. இப்னு அப்பாஸ் சொன்ன முழுமைக்கும் இடமில்லை. ஒரு ஃப்ரேமிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஸ்டிக்கர் வெட்டி ஒட்ட அரை மணித்தியாலம், சல்லி எடுக்கவில்லை, மூன்றாவது கொளுவியும் அடித்துத் தந்தார். கொஞ்சம் கோணலாக ஒட்டியிருக்கிறது, உற்றுப் பார்த்தால் அந்தக் கட்டத்தின் கறுப்பு மற்றக் கட்டங்களை விட ஒரு பொட்டு வெளுப்பு. நட்சத்திரம் ஒன்றரையில் இருந்து மூன்றானது இதனால்தான், முழுக்க முழுக்க சேவைக்கு.

வாங்கப் போகிறவர்களுக்கு. தமிழ்ப் பொருள் வேண்டாமென்றால் இதை வாங்கத் தேவையில்லை, வெறும் அரபி ஃப்ரேம் இதை விட மலிவு, எழுத்தும் பெரிசு. தமிழோடு வேண்டுமென்றால் கடையிலேயே வைத்து 99ஐயும் வாசித்துவிட்டு எடுங்கள், வெட்கப்பட வேண்டாம், கடைக்காரர் அவசரப்படுத்தினால் இன்னொரு பிளேன்டீ கேளுங்கள். இன்னொன்று, இந்த 99 பட்டியலில் ‘ரப்பு’ (இறைவன்) எங்கே என்று தேடாதீர்கள், இல்லை. அது கடைக்காரரின் பிழையில்லை. 99 பெயர்கள் உண்டு, அவற்றை எண்ணிப் பேணுகிறவர் சொர்க்கம் போவார் என்ற ஹதீஸ் புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு தொகுப்பிலும் இருக்கிறது, அந்த இடத்தில் பட்டியல் கிடையாது. நாங்கள் ராகத்தோடு ஓதுகிற பட்டியல் திர்மிதி என்ற இன்னொரு ஹதீஸ் தொகுப்பில் வருவது, அந்தப் பட்டியல் நபிமொழியின் பகுதியா, அறிவித்தவர்களில் ஒருவர் குர்ஆனில் இருந்து திரட்டிச் சேர்த்ததா என்பதில் அறிஞர்களுக்குள் நெடுங்காலமாகப் பேச்சிருக்கிறது, பலர் இரண்டாவதைத்தான் சொல்கிறார்கள். ஆகவே ஃப்ரேமுக்கு ஃப்ரேம் ஒன்றிரண்டு பெயர் வித்தியாசமாக இருந்தால் பதறாதீர்கள்.

போன கிழமை கடைக்காரர் போன் எடுத்தார். அடுத்த தொகுதி அடிக்கப் போகிறாராம், அதற்கு முன்னால் 99ஐயும் ஒருமுறை பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார். நான் மௌலவியாவும் இல்லை, டீச்சரும் இல்லை, ஹஸ்ரத்திடம் கொடுங்கள் என்றேன். “ஹஸ்ரத்துக்குப் பொருள் தெரியும் தாத்தா, அவரும் உங்களை மாதிரிக் கண் தாண்டிப் போயிடுவார், உங்கட மகனிடம் காட்டுங்க” என்றார். நல்ல வியாபாரி.

இப்போது சாப்பாட்டு மேசையில் நாலு தாள் கிடக்கிறது, மகன் சிவப்புப் பேனையோடு இருக்கிறான், ஒரு பெயருக்கு ஒரு டொஃபி என்று பேச்சு. முதல் வரிசையிலேயே நின்றுவிட்டோம். 9ஆவது, அல்ஜப்பார், கீழே ‘அடக்கியாள்பவன்’. பிழையில்லை, அந்தப் பொருளும் உண்டு. ஆனால் ஹஸ்ரத் இன்னொரு குரல் அனுப்பியிருக்கிறார், அதே வேரில் இருந்து வருகிற ‘ஜப்ர்’ என்றால் முறிந்த எலும்பைச் சேர்த்து வைத்துக் கட்டுவதாம், தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைக்கிற இரண்டு சுஜூதுக்கு நடுவே ‘வஜ்புர்னீ’ என்று ஓதுகிறோமே, அது அதுதானாம். மகன் போன வருடம் கை முறிந்து முறிவு வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டுப் போட்டவன். ‘கை கட்டுறவனா உம்மா?’ என்று கேட்டுவிட்டு அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பால் ஒரு பெரிய கேள்விக்குறி போட்டிருக்கிறான். கட்டம் இரண்டரை அங்குலம். யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் சொல்லுங்கள்.

காலிகின் புள்ளி இன்றுவரைக்கும் விழவில்லை.